செக் நாட்டைச் சுற்றிக் காட்ட பர்ஸிலிருந்து தொடங்குங்கள்

பிராக் வந்து இறங்குகிறவர்களை நான் முதலில் கோட்டைக்குக் கூட்டிப்போவதில்லை. வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, மாற்றிக்கொண்டு வந்த பணத்தை மேஜைமேல் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

இந்த வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தோழியின் அம்மா. நான் இங்கே குடிவந்த புதிதில் அவரையும் இன்னும் நான்கு பேரையும் சார்லஸ் பாலத்தில் நிறுத்தி, ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் வரை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்துத் தயார் செய்தது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை நீட்டினார். “அதெல்லாம் இருக்கட்டும்மா, இந்தத் தாடிக்காரர் யாரு?” அன்று அவர்கள் மனதில் நின்றது அந்தத் தாடிக்காரர் கதை ஒன்றுதான். இப்போது நான் தொடங்குவதே அவரிடமிருந்து.

அவர் 200 கொருனா நோட்டில் இருக்கும் கொமேனியஸ். பள்ளி ஆசிரியர், மதபோதகர். குழந்தைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியவர். 1628இல் மதத்துக்காக நாட்டைவிட்டுப் போனவர் திரும்பவே முடியவில்லை, கல்லறை நெதர்லாந்தில் இருக்கிறது. நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள்: பெரியவர் கை ஒன்றும் குழந்தையின் கை ஒன்றும் தொட்டுக்கொண்டிருக்கும்.

மற்ற நோட்டுகளையும் வரிசையாக வையுங்கள். 100இல் நான்காம் சார்லஸ்: 1348இல் பல்கலைக்கழகம், 1357இல் பாலத்துக்கு அடிக்கல். 500இல் போஜெனா நெம்ட்சோவா, கிராமம் கிராமமாக நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்த எழுத்தாளர், வறுமையில் செத்தவர். 1000இல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி. 2000இல் பாடகி எமா டெஸ்டினோவா. 5000இல் முதல் ஜனாதிபதி மசாரிக். அந்த நோட்டு விருந்தாளிகள் கையில் பெரும்பாலும் இருக்காது, அதனால் ஒன்றை நானே எடுத்து வைத்திருப்பேன். இப்போது கேளுங்கள்: இதில் தளபதி எவராவது உண்டா? போரில் ஜெயித்தவர் என்று யாரையாவது போட்டிருக்கிறார்களா? ஒரு ராஜா, ஒரு ஜனாதிபதி. மற்ற நால்வரும் ஆசிரியர், கதைக்காரி, வரலாறு எழுதியவர், பாடகி.

காரணத்தை அங்கேயே சொல்லிவிடலாம். ஆஸ்திரிய அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க்கின் மூன்று நூற்றாண்டு ஆட்சியில் அலுவலகத்துக்கும் உயர்படிப்புக்கும் ஜெர்மன், அடுப்படிக்கும் வயலுக்கும் செக் என்று ஆகிப்போயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகராதி, இலக்கணம், நாடகம், பாட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து மொழியைத் தூக்கி நிறுத்தினார்கள். செக்கும் ஸ்லோவாக்கும் சேர்ந்த செக்கோஸ்லோவாகியா என்ற நாடு கிடைத்தது அதற்கும் பிறகு, 1918 அக்டோபர் 28 அன்று. “ஆஸ்திரியாவுக்கு முன்பே நாங்கள் இருந்தோம், அதற்குப் பின்னும் இருப்போம்” என்றவர் பலாட்ஸ்கி. தமிழ் பேசுகிறவர்களிடம் இந்த இடத்தில் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. தாங்களாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள், பேச விடுங்கள்.

அடுத்தது பழைய நகரச் சதுக்கம். 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் கீழே, மணி அடிக்கும்போது எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். நிற்கட்டும், பார்க்க வேண்டியதுதான். பொம்மைகள் உள்ளே போனதும், நகர மண்டபத்தின் கிழக்குச் சுவரோரம் கூட்டிப்போய்த் தரையைக் காட்டுங்கள். கற்களுக்கு நடுவே வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். எண்ணச் சொல்லுங்கள், 27. விருந்தாளிகள் அவற்றின்மேல் நடந்துதான் கடிகாரம் பார்க்க வந்திருப்பார்கள்.

1620 நவம்பரில் பீலா ஹோரா என்ற வெள்ளை மலையில், கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசரை எதிர்த்துக் கலகம் செய்த புராட்டஸ்டன்ட் செக் பிரபுக்களின் படை ஓரிரு மணி நேரத்தில் தோற்றது. அடுத்த ஜூன் 21ஆம் தேதி, கலகத்தை நடத்தியவர்களில் 27 பேரை இந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். அதில் ஒருவர் யெசெனியஸ் என்ற மருத்துவர். பிராகில் பொதுமக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்து விளக்கிக் காட்டியவர், பல்கலைக்கழகத் தலைவர். முதலில் அவருடைய நாக்கை அறுத்தார்கள். பன்னிரண்டு தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் பத்து வருடம் தொங்கவிட்டார்கள். பாலத்துக்குப் போகும்போது அதே கோபுரத்தின் அடியில்தான் நுழைவோம், அதனால் பாலத்தை நான் எப்போதும் இதற்குப் பிறகே வைத்துக்கொள்கிறேன். கொமேனியஸ் ஏன் ஓட வேண்டி வந்தது என்று யாரும் அப்புறம் கேட்பதில்லை.

ரெஸ்லோவா தெருவுக்குப் போக மறக்காதீர்கள். சிரில், மெத்தோடியஸ் பேரில் ஒரு தேவாலயம், அதன் வெளிச்சுவரில் நீளவாக்கில் ஒரு சிறு திறப்பு. சுற்றிலும் குண்டு பாய்ந்த குழிகள். பெரும்பாலும் கீழே யாராவது பூ வைத்திருப்பார்கள். நாஜி ஆட்சியை இங்கே நடத்திய ஹைட்ரிக்கை 1942 மே 27 அன்று தாக்கிய பாராசூட் வீரர்களும் தோழர்களும் உள்ளே நிலவறையில் ஒளிந்திருந்தார்கள். ஜூன் 18 அன்று நாஜிப் படையினர் இந்தத் திறப்பு வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். யாரும் உயிரோடு சரணடையவில்லை. இதற்கிடையில் பழிதீர்க்க லிடிட்சே என்ற கிராமமே அழிக்கப்பட்டது. இங்கே நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. ஒரு வாக்கியம் மட்டும் சொல்வேன்: 1938இல் மியூனிக்கில் நான்கு நாடுகள் கூடி இந்த நாட்டின் எல்லைப் பகுதியை ஹிட்லரின் ஜெர்மனிக்கு வெட்டிக் கொடுத்தபோது, செக்கோஸ்லோவாகியாவை மேஜையில் உட்காரவே விடவில்லை. “எங்களைப் பற்றி, எங்களைக் கேட்காமல்” என்று இன்றும் இங்கே சொல்வார்கள். அரசியல் பேச்சில் எதற்கெடுத்தாலும் இந்தத் தொடர் வந்துவிடும்.

1968ஐச் சொல்ல வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனைக்குப் போங்கள். தேசிய அருங்காட்சியகத்தின் தூண்களில் வெளிறிய புள்ளிகள் தெரியும், இங்கிருந்த கம்யூனிச அரசின் சீர்திருத்தங்களை நசுக்க ஆகஸ்டில் வந்த சோவியத் படையின் குண்டுகள் பட்ட இடம். அண்மையில் கட்டடத்தைப் புதுப்பித்தபோதும் அவற்றை மறைக்கவில்லை. சற்று முன்னால் தரையில் உருகி வழிவது போல் ஒரு வெண்கலச் சிலுவை. அந்தப் படையெடுப்பை எதிர்த்து அடுத்த ஜனவரியில் தீக்குளித்த மாணவர் யான் பலாக்கின் நினைவு அது. அந்தப் படையெடுப்புக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனவர்களில் நமக்குத் தெரிந்த ஒருவரும் உண்டு: கமில் சுவெலபில். பிராகில் பிறந்து, இங்கேயே தமிழ் கற்பித்த அறிஞர். அவர் பெயரைச் சொன்னதும் களைத்துப்போனவர்கள்கூட நிமிர்ந்துவிடுகிறார்கள்.

பொருளாதாரத்துக்கு எண்களை அடுக்காதீர்கள். டிராமில் ஏறுங்கள், புது வண்டியாக இருந்தால் ஸ்கோடா என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். டிராம் செய்கிற பில்சன் நிறுவனம் வேறு, கார் செய்கிற நிறுவனம் வேறு. கார்க்காரர்கள் 1895இல் ம்லாடா போலெஸ்லாவ் ஊரில் சைக்கிளில் தொடங்கியவர்கள், 1991இல் ஃபோக்ஸ்வாகன் உள்ளே வந்தது. கொலீனில் டொயோட்டா, நோஷோவிட்சேயில் ஹூண்டாய். இவ்வளவு சிறிய நாட்டில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கார் ஓடி வெளியே வருகிறது. வேலையில்லாதவர்கள் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக உள்ள நாடுகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஜெர்மனியில் கார் விற்பனை தும்மினால் இங்கே காய்ச்சல், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

1989இல் கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு அரசு ஆலைகள் தனியார் கைக்குப் போன கதையை வயதான செக் நண்பர் யாராவது இருந்தால் அவர் வாயால் கேட்க வையுங்கள். ஆளுக்கொரு கூப்பன் புத்தகம் வாங்கி, ஆலைகளின் பங்குக்கு விண்ணப்பித்தார்கள். பலருடைய புத்தகம் முதலீட்டு நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தது. கம்பெனியை உள்ளிருந்தே காலி செய்வதற்கு இங்கே பிறந்த சொல் ‘சுரங்கம் தோண்டுதல்’. அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தும் யூரோவுக்கு மாறாமல் கொருனாவையே வைத்திருக்கிறார்கள். பேச்செடுத்தால் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது நாள் கார்லோவி வாரி போகிறவர்களை, பக்கத்தில் மலைமேல் இருக்கும் யாகிமோவுக்கும் கூட்டிப்போங்கள். ஜெர்மனில் யோவாகிம்ஸ்டால். ஐந்நூறு வருடம் முன்பு இங்கே வெட்டிய வெள்ளியில் அடித்த நாணயம் ‘டாலர்’ என்ற பெயருக்கே மூலம். அதே மலையின் கனிமத்திலிருந்துதான் மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தார். 1950களில் அரசியல் கைதிகளை வைத்து அங்கே சோவியத்துக்காக யுரேனியம் வெட்டினார்கள். ஊர் சின்னது, கொஞ்சம் பாழடைந்தும் கிடக்கும். எனக்கு இந்த நாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சமூகத்தை வீட்டு வாசலில் சொல்லிக்கொடுங்கள். நான் இருப்பது பனெலாக், கம்யூனிச காலத்தில் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பு. லிஃப்டில் ஏறினால் “டோப்ரி டென்” என்று வணக்கம் சொல்ல வேண்டும், மருத்துவரின் காத்திருப்பறையிலும் அப்படித்தான். செருப்பை வாசலில் கழற்றுவார்கள், நம்மவர்களுக்கு அது சொல்லாமலே வரும். கீழே இரவு வரை திறந்திருக்கும் கடை பெரும்பாலும் வியட்நாம் குடும்பத்துடையது. கம்யூனிச அரசுகளின் ஒப்பந்தத்தில் படிக்கவும் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று என்னைவிட நூறு மடங்கு அழகாகச் செக் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டுக்காரர்கள் காணாமல் போனால் கிராமத்துக் குடிலுக்குப் போயிருப்பார்கள், இலையுதிர் காலத்தில் காளான் கூடையோடு திரும்புவார்கள்.

மூன்று விஷயம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். செக்கோஸ்லோவாகியா என்று சொல்ல வேண்டாம், அது 1992 முடிவோடு முடிந்தது. கிழக்கு ஐரோப்பா என்றால் முகம் மாறும், மத்திய ஐரோப்பா என்பார்கள். போருக்குப் பின் சுமார் முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டதைப் பற்றிக் கேட்க ஆசை இருந்தால், வீட்டில் என்னிடம் கேளுங்கள் என்பேன். பப்பில் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்கிற கேள்வி இல்லை.

முதல் நாள் மாலை முடிவது நாரோட்னி தெருவில். ஒரு வளைவுக்குள் சுவரில் பல கைகள் நீட்டிய சின்ன வெண்கலப் பலகை, 17.11.1989 என்று தேதி. அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்த இடம். அடுத்த நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் சதுக்கங்களில் நின்று, போய்விடுங்கள் என்று அரசுக்குச் சொல்லச் சாவிக்கொத்தை ஆட்டினார்கள். டிசம்பர் 29 அன்று, அந்த அரசை எதிர்த்துச் சிறை சென்ற நாடக ஆசிரியர் ஹாவெல் ஜனாதிபதி. விருந்தாளிகளிடம் அவரவர் ஊர் வீட்டுச் சாவி கைப்பையில் இருக்கும். எடுத்து ஒருமுறை ஆட்டச் சொல்வேன். நாலைந்து கொத்துகள், மெல்லிய சத்தம்தான். பிறகு 22ஆம் எண் டிராமில் ஏறிவிடுவோம்.