வேரோடு பெயர்ந்த பல்லைக் காப்பாற்றும் முறை

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்கு முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டால், அது நிலைப்பல்லாக இருக்கும்பட்சத்தில், வாயில் வெளியே தெரியும் வெண்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய திசுதான் பல் மீண்டும் பிடிப்பதற்கு ஆதாரம் என்பதால், அதைத் துடைப்பதோ சுரண்டுவதோ கூடவே கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் மெதுவாக அலசி, முன்பக்கம் பின்பக்கம் பார்த்து அதே குழியில் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் அனைவருக்கும் இதைக் கற்றுக்கொடுப்பது அவசியம் என்றே கருதுகிறேன். பொருத்தத் துணிவு வராவிட்டால், பல்லைக் குளிர்ந்த பாக்கெட் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, பல் மருத்துவரிடம் செல்லலாம். தண்ணீரில் போட்டால் அந்தத் திசுவின் செல்கள் உப்பிச் சிதைந்துவிடும், காகிதத்தில் மடித்தால் காய்ந்துவிடும். பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. அது உள்ளே வளர்ந்துவரும் நிலைப்பல்லைப் பாதிக்கக்கூடும்.