பழைய கதையா, புதுக் கதையா? பிள்ளைகளைப் புத்தகத்தோடு பேச வைப்பது எப்படி

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு ஜமுக்காளம் விரிப்பேன். ஏழாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கிற எட்டுப் பத்துப் பிள்ளைகள் வருவார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் கையில் இருக்கும். ஆறு வருஷமாக இப்படி நடக்கிறது. நான் ஆசிரியை இல்லை, தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். “அத்தை, எங்க தெருவுலயும் இது மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படிச் செய்யிறது?” என்று போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இதை ஒரு பட்டிமன்றமாக வைத்தேன். “சிறந்தவை பழைய நாவல்களே”, “புதிய நாவல்களே” என்று இரண்டு அணி, நடுவில் நான் நடுவர். பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள், கை தட்டலும் கிடைத்தது. முடிந்த பிறகு படி இறங்கும்போது ஒரு பையனிடம், “நீ சொன்ன அந்த நாவலில் உனக்குப் பிடித்த இடம் எது?” என்று கேட்டேன். “நான் படிக்கலையே அத்தை, அப்பா எழுதிக் கொடுத்தாங்க” என்றான். மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தேன். பேசிய ஆறு பேரில் ஒருவர்கூட எதிர் அணியின் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே பட்டிமன்றத்தை நிறுத்தினேன். அப்போதிருந்து எங்கள் மாடியில் ஒரே சட்டம்: புத்தகம் கையில் இல்லாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது. எதைச் சொன்னாலும் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும்.

ஆரம்பிக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். எட்டுப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் கூச்சப்படுகிற பிள்ளை வாயே திறக்காது. பெற்றோர் கூட உட்கார வேண்டாம், கீழே காப்பி குடித்துக்கொண்டு இருக்கட்டும். புத்தகத்துக்குக் கிளை நூலகம் இருக்கிறது. கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்பு கிடைக்கும். மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவும் படிக்கலாம். கடைசியில் ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய். எங்கள் ஊரில் அது இல்லாமல் எந்தக் கூட்டமும் முடியாது.

ஒரு நோட்டு மட்டும் கண்டிப்பாக வேண்டும். கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் நான் அதைப் பேரேடு மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தேதி, பெயர், புத்தகம், எந்தப் பக்கத்தில் நின்றது, ஏன் நின்றது. கடைசி இரண்டு கட்டம்தான் முக்கியம். பிடிக்காத புத்தகத்தை நாற்பது பக்கத்துக்குப் பிறகு கீழே வைக்கப் பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எந்தப் பக்கத்தில் வைத்தோம், எதனால் என்று எழுதியாக வேண்டும். “போர் அடிக்குது” என்று எழுதினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எந்த வரியிலிருந்து போர் அடித்தது என்று கேட்பேன். ஒரு பெண் ஒரு பழைய நாவலுக்கு நேராக, “43ஆம் பக்கம். ஒரே பத்தி இரண்டு பக்கத்துக்குப் போகிறது, மூச்சு வாங்கியது” என்று எழுதினாள். இது நல்ல விமர்சனம். அடுத்த வாரம் அந்தப் பத்தியை நான் சத்தமாக வாசித்தேன். காதால் கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது, மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். பழைய உரைநடை கண்ணுக்குக் கடினமாக இருந்தால் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

முதல் கூட்டத்தில் நாவல் வேண்டாம், சிறுகதை போதும். நான் எப்போதும் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில் தொடங்குவேன். அந்தக் கதையே புத்தகத்துக்கு ஏங்குகிற பிள்ளைகளைப் பற்றியதுதான். ஒரு மனிதர், அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காகச் சண்டை போடும் பிள்ளைகள், அவர்களில் டைரி கிடைக்காமல் போன சாரங்கன். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் சத்தமாக வாசித்து, கடைசி வரி முடிந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருங்கள். எங்கள் மாடியில் ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தான். “இது எழுதி எவ்வளவு வருஷம் இருக்கும்?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. எழுதியவர் பக்கத்து இடைசெவல்காரர் என்று சொன்னதும் யாரும் நம்பவில்லை. அதே ஊரில் அதே காலத்தில் பிறந்த நண்பர்தான் கி. ராஜநாராயணன். அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991, இதே வட்டாரத்துப் பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019 என்று இந்தக் கரிசல் மண்ணுக்குச் சாகித்திய அகாதெமி விருதுகள் வந்திருக்கின்றன. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். தேடிப் பிடித்து அவரில் தொடங்குங்கள்.

அடுத்து, பிடித்த புத்தகத்தைப் பகிர்கிற வாரம். ஒருவருக்கு ஐந்து நிமிஷம். இரண்டு நிமிஷம் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டும், மூன்று நிமிஷம் பேச வேண்டும். வாசிப்பது முதலில், பேச்சு அப்புறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பேசவிட்டால் கதைச் சுருக்கம்தான் வரும், கேட்கிறவர்களுக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. என்ன புத்தகம் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். ஆங்கிலப் பேய்க்கதை கொண்டுவந்த பிள்ளையைத் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். ஒருவன் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி மறுபதிப்பைக் கொண்டுவந்தான். “இதெல்லாம் புத்தகமா?” என்று ஒரு அக்கா கேட்டாள். அவன் கோபப்படாமல், “இது 1972ல சிவகாசியில முதல்ல வந்துச்சு. எங்க தாத்தா படிச்சாரு, அப்பா படிச்சாரு, இப்ப நான் படிக்கிறேன். மூணு தலைமுறை படிச்சா அது கிளாசிக்தானே?” என்றான். அந்தக் கேள்வியை அன்று எங்களால் முடித்து வைக்க முடியவில்லை. உங்கள் வட்டத்திலும் அதைக் கேட்டுப் பாருங்கள்.

எது பழையது, எது புதியது என்று பேச்சு வந்தால் கோடு போட்டுப் பாருங்கள். நிஜமாகவே சாக்பீஸ் எடுத்துத் தரையில் போட வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒரு சாண். தண்ணீர்த் தொட்டி ஓரம் 1879, படிக்கட்டுப் பக்கம் இன்றைய தேதி. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1896இல் ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, 1950இல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது, 1976இல் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’, 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, 2016இல் சோ. தர்மனின் ‘சூல்’. அந்தந்த இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு, “எது வரைக்கும் பழசு? அங்கே போய் நில்லுங்கள்” என்று சொன்னேன். பத்துப் பேரும் ஆளுக்கு ஓர் இடத்தில் நின்றார்கள். பதின்மூன்று வயதுப் பெண் 1994ஐத் தாண்டி நின்றுகொண்டு, “எங்கம்மா ஸ்கூல் படிக்கும்போது வந்தது எனக்குப் பழசுதான்” என்றாள். நான் தொட்டி ஓரத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் காட்டினேன். தமிழில் வசன நூல் போதவில்லை என்று முகவுரையில் சொல்லி அந்தக் குறையைத் தீர்க்க எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. அன்றைக்கு அதைவிடப் புதுசாக ஒன்றும் இருந்திருக்காது. இதை நான் விளக்கிச் சொன்னதைவிட, அந்தக் கோட்டில் நடந்து பார்த்தபோதுதான் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

இனி விவாதம். பழையது எல்லாவற்றையும் புதியது எல்லாவற்றோடும் மோதவிட்டால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். ஒரு பழைய புத்தகம், ஒரு புதுப் புத்தகம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயம் என்று ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடி சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

எங்களுக்கு நன்றாக அமைந்த ஜோடி ‘பொன்னியின் செல்வன்’, சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’. இரண்டும் பெரிய புத்தகங்கள், முழுக்க முடித்துவிட்டு வரச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். முதல் மூன்று அத்தியாயம் போதும் என்றேன். ஒன்றில் வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக் கரைக்கு வருகிறான், அன்று ஆடிப்பெருக்கு. இன்னொன்றில் கபிலர் பறம்பு மலை ஏறுகிறார், வழிகாட்ட நீலன். இரண்டிலும் ஒரு புதியவர் ஒரு நாட்டுக்குள் நுழைகிறார், அவர் கண் வழியாகத்தான் நாமும் அந்த நாட்டைப் பார்க்கிறோம். “நாடு எப்படி அறிமுகமாகிறது?” இது ஒன்றுதான் நான் கொடுத்த கேள்வி. மூன்று ஞாயிறு ஓடியது.

ஒரு பையன், கல்கி முதல் வரியிலேயே நம்மைப் படகில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறார், அதனால் பயமில்லாமல் போக முடிகிறது என்றான். உடனே ஒரு பெண், “எனக்கு அதுதான் பிடிக்கலை, கையைப் பிடிச்சுக் கூட்டிப் போறாரு. வேள்பாரியில கபிலருக்கே ஒண்ணும் தெரியாது, அவர் கூட நானும் தவிக்கிறேன்” என்றாள். நான் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும், பல நாள் பேசவே தேவை இருக்காது.

இரண்டாவது வாரம் ஒரு சோதனை செய்தோம். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ‘வேள்பாரி’யும் ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் வந்த தொடர். அதற்குப் படம் வரைந்த மணியம் செல்வன், ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்த மணியத்தின் மகன். இதைச் சொன்னதும் இரண்டு அணியும் ஒரு நிமிஷம் சண்டையை மறந்துவிட்டன. சரி, அப்படியானால் அந்தக் காலத்து வாசகர் மாதிரி படித்துப் பார்ப்போம் என்று, அடுத்த அத்தியாயத்துக்குப் பிறகு உள்ள பக்கங்களை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரே அத்தியாயம். புதன்கிழமையே இரண்டு பேர் வாசலில் வந்து நின்று ரப்பர் பேண்டை அவிழ்க்க அனுமதி கேட்டார்கள். அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் எழுத்தாளர் எங்கே முடிச்சுப் போடுகிறார் என்று அதற்கு அப்புறம் அவர்களே பென்சிலால் குறிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது வாரம் அணியை மாற்றினேன். விவாதம் சூடாக இருக்கும்போது, பாதியிலேயே, கல்கி பக்கம் பேசியவர்கள் வேள்பாரி பக்கம் பேச வேண்டும். முணுமுணுப்பார்கள், விடாதீர்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போவது பிடிக்கவில்லை என்ற அந்தப் பெண்தான் அன்று கல்கிக்காக எல்லோரையும்விட நன்றாகப் பேசினாள். எதிராகப் பேசுவதற்காக அத்தனை கவனமாகப் படித்திருந்தாள்.

பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் தண்ணீரை வைத்து ஒரு ஜோடி: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, சோ. தர்மனின் ‘சூல்’. ஒன்று குழாய்க்கும் பம்புக்கும் அலைகிற சென்னைத் தெரு, இன்னொன்று உருளைக்குடிக் கண்மாய். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். ‘கோபல்ல கிராமம்’ கொடுத்தால் முதல் சில அத்தியாயத்திலேயே ஊருணியில் ஒரு கொலை வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அப்புறம் நூற்று முப்பத்தேழு வயது மங்கத்தாயாரு அம்மாள் வந்தால் பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். சாதி பேசுகிற புத்தகங்கள் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். நாங்கள் பூமணியின் ‘பிறகு’ படித்த அன்று விவாதமே வைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு அது தன் வீட்டுக் கதையாக இருக்கும், அதை இரண்டு அணி பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் வாசித்தோம், விருப்பப்பட்டவர்கள் பேசினார்கள், கலைந்தோம்.

தீர்ப்பு சொல்லாதீர்கள், கை தூக்கி எண்ணவும் வேண்டாம். முடிந்ததும் எங்கள் மாடியில் நடப்பது இதுதான்: பழைய புத்தகத்துக்காகப் பேசியவர் புதியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், புதியதற்குப் பேசியவர் பழையதை. பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கடலைமிட்டாய். திரும்பக் கொண்டுவர மூன்று வாரம். பிரவுன் அட்டை போட்டுக் கொடுங்கள், உள்பக்கம் பென்சிலால் தேதி எழுதுங்கள். வருகிற ஞாயிறு மாயாவிப் பையன் ‘கமலாம்பாள் சரித்திர’த்தோடு வர வேண்டும். நேற்றுத் தெருவில் பார்த்தபோது 31ஆம் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னான். நாற்பதுக்கு இன்னும் ஒன்பது பக்கம் இருக்கிறது.