தோட்ட வேலையில் விட்டுப்போன ஆர்வம் திரும்பிய விதம்

செடிகள் மீதான அன்பு எனக்குக் குறையவே இல்லை. ஆனாலும் மண்வெட்டியைத் தொடவே மனம் வராத ஒரு காலம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது, என்னைச் சலிக்க வைத்தவை களை பறிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும்தான் என்று தெரிந்தது. நடுவதும் கவாத்து செய்வதும் (கிளைகளை வெட்டிச் சீராக்குவதும்) அப்போதும் இனித்தன. ஆகவே சலிப்பூட்டிய அந்த இரண்டு வேலைகளையும் குறைக்க முடிவு செய்தேன்.

பாத்திகளில் பாதியை ஓய்வுக்கு விட்டேன். அவற்றின் மேல் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து (ஒட்டுநாடாவை முதலில் உரித்துவிட வேண்டும்), நனைத்து, காய்ந்த இலைகளைக் கொட்டினேன். மீதிப் பாத்திகளுக்கு 5 முதல் 8 செ.மீ. கனத்தில் மூடாக்கு (காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் அடுக்கு) போட்டேன். பல களை விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். அது கிடைக்காததால் களை வெகுவாகக் குறைந்தது. மண்ணின் ஈரமும் சீக்கிரம் காய்வதில்லை. தண்டை ஒட்டி மட்டும் மூடாக்கு போடாதீர்கள், அழுகிவிடக்கூடும்.

வெயில் ஏறுவதற்கு முன்தான் இப்போது வேலை. ஒரு பாத்தி முடிந்ததும் எழுந்துவிடுவேன், கை துறுதுறுத்தாலும் சரி. அந்தத் துறுதுறுப்பே மறுநாள் என்னை வெளியே இழுத்து வருகிறது. மூடிவைத்த பாத்திகளில் ஒன்றை அடுத்த பருவத்தில் திறந்து பூச்செடிகள் நடப் போகிறேன்.