சைக்கிள் ரேக்கை காரிலேயே விட்டுவைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிள் ரேக்கை ஒருமுறை காரில் மாட்டிவிட்டால் பலரும் அதைக் கழற்றுவதே இல்லை. இந்த ஞாயிறு சவாரி முடிந்தது, அடுத்த ஞாயிறும் வேண்டும், நடுவில் எதற்குக் கழற்றி மாட்டுவது என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஹிட்சில், அதாவது டிரெய்லர் இழுக்கக் காரின் பின்னால் அடியில் பொருத்தும் இணைப்பில், செருகும் தட்டு வகை ரேக் பல இருபது கிலோவைத் தாண்டும், அலுப்பு வருவது நியாயம்தான். ஆனால் நல்ல ரேக்கின் விலைக்கு ஒரு சைக்கிளே வாங்கிவிடலாம். ராத்திரி முழுக்க வெளியே நிற்கும் காரில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பெரும்பாலும் விரல் தடிமனில் ஓர் இரும்புப் பின், அதன் நுனியில் ஒரு கம்பிக் கிளிப். அவ்வளவுதான். கிளிப்பை இழுத்து, பின்னைத் தள்ளி, ரேக்கை உருவினால் வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம், சத்தமும் வராது. இந்தச் சாதாரணப் பின்னை நம்பி இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பூட்டோடு வரும் ஹிட்ச் பின் தனியாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ரிசீவரின், அதாவது ரேக் நுழையும் ஹிட்ச் குழாயின், அளவு பாருங்கள்: 2 அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குலப் பின், 1¼ அங்குல ரிசீவருக்கு 1/2 அங்குலப் பின். பெரிய துளையில் சின்னப் பின் போட்டாலும் பூட்டிக்கொள்ளும், ஆனால் ஓட்டத்தில் ஆடி ஆடித் தேயும். சில ரேக்குகளில் மரை உள்ள பின்தான் ஏறும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஹிட்ச் பூட்டியாயிற்று. வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. ரேக்கையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சக்கரம் உட்காரும் தட்டு, சைக்கிளைப் பிடிக்கும் கை, நடுத்தண்டு எல்லாம் பல ரேக்குகளில் தலையில் அறுகோணக் குழி உள்ள சாதாரண ஆலன் போல்ட்டால்தான் முடுக்கப்பட்டிருக்கும். சைக்கிள்காரர்கள் எல்லோர் பையிலும் இருக்கும் ஆலன் கீ போதும், பூட்டு பூட்டியபடி இருக்க மற்றதெல்லாம் போய்விடும். வெளியே தெரியும் போல்ட்டுகளுக்குப் பதிலாக, தனிச் சாவியால் மட்டுமே திருகக்கூடிய பாதுகாப்பு போல்ட் போடலாம். ரிசீவருக்குப் பக்கத்திலேயே டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலியை மாட்ட இரண்டு வளையங்கள் இருக்கும். தடித்த சங்கிலி ஒன்றை ரேக்கின் முக்கியச் சட்டத்துக்குள் விட்டு அந்த வளையத்தோடு பூட்டினால், திருட வருபவருக்கு வேலை இரட்டிப்பாகும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

டிக்கிக் கதவில் பட்டையால் கட்டும் ரேக்கை விட்டுவைக்கவே கூடாது. ஒரு கத்தி போதும். வெயிலில் பட்டையும் நைந்துபோகும்.

கூரை ரேக் வைத்திருப்பவர்கள் அதன் கால்களில் உள்ள பூட்டுத் துளையைப் பாருங்கள். பல தயாரிப்புகளில் பூட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதுவரை துளையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. கூரையில் ரேக்கைச் சும்மா வைத்துக்கொண்டு ஓட்டினால் எரிபொருளும் வீண். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ரேக்கின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்து செலவு 25 சதவீதம் வரை கூடலாம் என்று கணக்கிட்டது.

சாவி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பல பூட்டுகளின் முகப்பிலேயே ஒரு சிறிய எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் மாற்றுச் சாவி கிடைத்துவிடும். சாவி தொலைந்தால் நமக்கு வசதி, அடுத்தவருக்கும் அதே வசதி. எண்ணை வீட்டில் எழுதி வைத்துவிட்டு, பூட்டின் மேல் மூடியைப் போட்டே வையுங்கள். மூடி இருந்தால் தூசியும் தண்ணீரும் போகாது. பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், அழுக்கைச் சேர்த்து இன்னும் இறுக்கும். கிராஃபைட் தூள் போதும்.

ரேக்கில் சைக்கிளும் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். ரேக்கோடு வரும் மெல்லிய கேபிளை ஒரு கட்டர் நொடியில் நறுக்கிவிடும், கண்ணெதிரே ஐந்து நிமிடம் நிறுத்துவதற்கு மட்டும்தான் அது. முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ரேக்கில் கேபிளும் சக்கரத்தோடு நின்றுவிட்டால், கருவியில்லாமல் சக்கரத்தைக் கழற்ற உதவும் குயிக் ரிலீஸ் நெம்புகோலைத் திறந்தவுடன் சைக்கிள் போய்விடும், சக்கரம் மட்டும் மிஞ்சும். யூ-லாக்கோ (U வடிவ இரும்புப் பூட்டு) தடித்த சங்கிலியோ சைக்கிளின் சட்டத்தையும் ரேக்கின் தண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். காரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் சைக்கிளை உருவ இடம் இருக்காது. ராத்திரியில் எந்தப் பூட்டையும் நம்பாமல் சைக்கிளை உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.

காலி ரேக்கை மடித்து நிமிர்த்தி வைத்தால் நம்பர் பிளேட், பின்விளக்கு, ரிவர்ஸ் கேமரா ஏதாவது மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட்டை மறைப்பது பல நாடுகளில் அபராதத்துக்குரிய குற்றம். நீண்ட நாள் கழற்றாமல் விட்டால் ரிசீவருக்குள் துரு பிடித்து, பிறகு சுத்தியலால் தட்டினாலும் வராது. அவ்வப்போது உருவித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஒரு மாதம் சவாரி இல்லை என்று தெரிந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

அப்புறம், காப்பீடு. காருக்கு வாங்கிய காப்பீடு அதன் மேல் மாட்டிய ரேக்கையும் சைக்கிளையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். துணைக்கருவியாகத் தனியே பதிய வேண்டியிருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரசீது, ரேக்கைக் காரில் பூட்டிய நிலையில் எடுத்த படம், சைக்கிளின் சீரியல் எண் மூன்றையும் போனிலும் வேறொரு இடத்திலும் வைத்திருங்கள். அந்த எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே சட்டத்தில் பொறித்திருக்கும், சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்.