விண்வெளித் தொடர் பார்க்கும்போது நாம் செய்கிற தவறுகள்

“ராக்கெட்டும் ரோபோவும் எனக்கு எதுக்குப்பா?” என்று மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியம்மா ரொம்ப நாள் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். தப்பு அவர் மேல் இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பற்றிப் பேச்சு வந்தாலே நான் ஒளியை மிஞ்சும் கலம், ஆளையே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கருவி என்றுதான் ஆரம்பிப்பேன். ஒருநாள் மாற்றிச் சொன்னேன். “ஒருத்தர் 25 நிமிஷம் மயங்கிக் கிடக்கார் பெரியம்மா. அதுக்குள்ள வேற ஒரு ஊர்ல கல்யாணம், குழந்தைங்க, பேரன்னு ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடிச்சுடறார். அப்புறம் கண்ணைத் திறக்கறார்.” அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தார். 1992-இல் வந்த ‘தி இன்னர் லைட்’ என்ற எபிசோட் அது. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புல்லாங்குழலை இனிமே என்ன பண்ணுவார்?” என்றார். எந்தப் புல்லாங்குழல் என்று இங்கே சொல்ல மாட்டேன், பார்த்தால் தெரியும்.

இந்த மாதிரித் தொடர்களைப் பிறருக்குச் சொல்லும்போது கருவியிலிருந்து தொடங்குவதுதான் முதல் தவறு. ஆளிலிருந்து தொடங்க வேண்டும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதில் வரும் எதிர்கால ஆட்சியும் சாதனங்களும் பாதி மறந்திருக்கும். ஜீனோ என்ற ரோபோ நாயை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, கைக்குக் கிடைத்த எபிசோடிலிருந்து பார்ப்பது. தனித்தனிக் கதைகளாக வரும் தொடரில் இது பரவாயில்லை, பெரியம்மாவுக்கு நான் அப்படித்தான் காட்டினேன். தொடர்கதையாகப் போகும் தொடரில் இது பெரிய நஷ்டம். ‘ஃபயர்ஃப்ளை’க்கு நடந்ததைப் பாருங்கள். ஒரு பழைய சரக்குக் கலம், அதில் ஒன்பது பேர். யார் யாரை நம்பலாம் என்பதுதான் கதையே. அந்த ஒன்பது பேரையும் அறிமுகப்படுத்தும் முதல் எபிசோடை 2002 செப்டம்பரில் சேனல் ஒளிபரப்பவே இல்லை. வேறொன்றிலிருந்து தொடங்கி, அதை டிசம்பரில் கடைசியாகப் போட்டார்கள். எடுத்த 14 எபிசோடில் அப்போது வந்தவை 11தான், தொடரும் நின்றுபோனது. இன்று நமக்குச் சரியான வரிசையில் 14-உம் கிடைக்கின்றன. அப்படியே பாருங்கள்.

‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’விலும் இதே பிரச்சினை உண்டு. 2004-இல் தொடங்கிய முதல் சீசனுக்கு முன்னால், 2003-இல் வந்த மினி சீரிஸ் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு சீசனுக்குள் போனால் லாரா ரோஸ்லின் உங்களுக்குக் கறாரான ஒரு ஜனாதிபதியாக மட்டும் தெரிவார். அவர் கல்வித்துறைச் செயலாளராக இருந்தவர். பதவி வரிசையில் 43-வது ஆள். தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அதே நாளில், எதிரியின் தாக்குதலில் மேலே இருந்த எல்லோரும் இறந்துபோய், ஜனாதிபதிப் பதவி அவரிடம் வருகிறது. இது தெரிந்தால் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் வேறு மாதிரி கனக்கும்.

சரி, வரிசை பிடிபட்டுவிட்டது. அப்புறம் செய்வது, 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டுவது. மெட்ரோவில் ஆலந்தூர் வருவதற்குள் ஒரு எபிசோடை முடித்துவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ‘33’ என்ற கேலக்டிகா எபிசோடை அந்த வேகத்தில் பார்த்தால் என்ன மிஞ்சும்? 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்து தாக்குகிறான். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கம் இல்லை. சவரம் செய்யாத முகம், கேட்ட கேள்வி மனதில் ஏறுவதற்கு ஆகும் இரண்டு நொடி, காரணமே இல்லாமல் வரும் எரிச்சல், இவைதான் அந்த எபிசோட். வேகத்தைக் கூட்டினால் களைப்பு போய்விடும். மிஞ்சுவது வெறும் துரத்தல். ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பார். எபிசோட் முழுக்க அது குறைந்துகொண்டே வரும். கடைசியில் அந்தப் பலகையில் நடக்கும் ஒரு சின்ன மாற்றத்துக்காகவே பொறுமையாகப் பார்க்கலாம்.

‘இதெல்லாம் நம் வாழ்க்கைக்குச் சம்பந்தம் இல்லாதது’ என்று தள்ளி வைப்பதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் நினைக்கிறேன். 2019 கோடை சென்னைக்காரர்களுக்கு மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாட்களில்தான் நான் கேலக்டிகாவின் இரண்டாவது எபிசோடைப் பார்த்தேன். அதன் பெயரே ‘வாட்டர்’. கலத்தின் தொட்டிகள் வெடித்து, பாதிக்கு மேற்பட்ட தண்ணீர் விண்வெளியில் கொட்டிவிடுகிறது. வாசலில் குடங்களை வரிசை வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்த எனக்கு, அங்கே அதிகாரிகள் போடும் கணக்கு கற்பனையாகவே தெரியவில்லை. யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று எங்கள் மாடிப்படியில் பேசிய அதே பேச்சு. அந்த எபிசோடில் தண்ணீரைவிட என்னை உலுக்கியவள் பூமர் என்ற பெண் விமானி. நனைந்த உடையோடு கண் விழிக்கிறாள், எப்படி நனைந்தாள் என்று நினைவில்லை. பையில் வெடிகுண்டு இருக்கிறது. செய்தது தானா என்று அவளுக்கே தெரியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. நம்மையே நம்ப முடியாமல் போகிற பயத்தை அறிவியல் புனைகதையால் மட்டும்தான் இவ்வளவு நேராகக் காட்ட முடிகிறது.

கிராபிக்ஸ் பழசு என்று ஒதுக்காதீர்கள். 1989-இல் வந்த ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ என்ற ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எபிசோட் பெரும்பாலும் ஒரு அறைக்குள் நடக்கும் விசாரணை. டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு ஆளா, யாருடைய உடைமையா என்பதுதான் வழக்கு. அதற்கு கிராபிக்ஸ் என்னத்துக்கு?

முதல் பார்வையில் ஒருவரை முடிவுகட்டவும் வேண்டாம். 110 எபிசோட் ஓடும் ‘பாபிலோன் 5’ல் லோண்டோ, ஜி’கார் இருவரும் ஆரம்பத்தில் சண்டைபோட்டுச் சிரிக்க வைக்கும் ஜோடி. அப்போதே நிறுத்தியவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பாத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடவே தேடாதீர்கள். முழுப்பெயரை அடிப்பதற்குள் அவர் சாகிறாரா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

பெரியம்மாவும் நானும் இப்போது சனிக்கிழமைக்கு ஒன்று என்று பார்க்கிறோம். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஆறாவது சீசன் தொடங்கியிருக்கிறது. அந்தப் புல்லாங்குழல் இதில் மறுபடியும் வரும். எந்த எபிசோடில் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் சொல்லவில்லை.