தகரக் கூரைக்குக் கீழே ஒரு வரலாற்று நாடகம்: முதன்முறை மேடையேற்றுவோருக்கு

நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வரலாற்று நாடகம் என்றாலே ஒருவர் மைக்கைப் பிடித்து ஆண்டுக் கணக்கை வாசிப்பார். சபை கொட்டாவி விடும். நடுவில் மண்டபத்துத் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு வசனமும் காதில் விழாது. அதனால் வசனம் கேட்காவிட்டாலும் கதை புரிகிற மாதிரி வேலையைத் தொடங்குங்கள்.

முதலில், ஒரே ஒரு நாளை எடுங்கள். தோட்ட மக்களின் இருநூறு வருஷக் கதையையும் ஓர் இரவில் ஆட முடியாது. நான் எடுப்பது 1940 ஜனவரி 10. முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்த நாள்.

அடுத்து உடுப்பு. இடுப்பில் கட்டுகிற பொலித்தீன் படங்கும் நைலோன் பையும் அந்தக் காலத்தில் ஏது? சாக்குப் படங்கு, கம்பளி, மூங்கில் கூடை போதும். புது வெள்ளைத் துணி வெளிச்சத்தில் பளீரென்று அடிக்கும். கடும் சாயத்தண்ணியில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், அரை மணி நேரம் ஊறப்போடுங்கள், பழுப்பேறிவிடும். தேயிலைத் தூள் வீணாகிறதென்று வீட்டில் ஏசினால், குடித்த சக்கையைச் சேர்த்துக் காய்ச்சலாம்.

இனி துரை, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார அதிகாரி. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொப்பியும் ஒட்டுமீசையும் வைத்து ஒருவரை இறக்கினால் சபை சிரித்துவிடும். அவரை நிழலாகக் காட்டுங்கள். மேடையின் பின்பக்கம் வெள்ளைத் துணி கட்டி, அதற்கு எட்டு அடி பின்னால் தரையில் ஒரே ஒரு விளக்கு. நடிகர் விளக்கை நெருங்க நெருங்க நிழல் கூரை வரை வளரும். துணிப்பக்கம் வந்தால் ஆள் அளவுக்குச் சுருங்கும். பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், ஆட்கள் குனிந்து நிற்கும்போது நிழல் பெரிதாக இருக்கட்டும். அவர்கள் கூடையைக் கீழே வைக்க வைக்க, நடிகர் துணியை நோக்கி மெல்ல நடக்கட்டும். ஒரு வார்த்தை வேண்டாம்.

வெடிச் சத்தத்துக்கு ஃபோனை நம்பாதீர்கள். ஒருமுறை எங்களுக்கு வெடிக்கு முன்னால் ரிங்டோன்தான் வந்தது. இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்து ஓங்கி அடித்தால் போதும். அதுவரை விடாமல் அடித்த தப்பு மேளம் அந்த நொடியே நிற்க வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணும்வரை யாரும் அசையக்கூடாது. புது நடிகர்கள் நாலிலேயே அசைவார்கள், இதற்கென்றே தனியாக ஒத்திகை வையுங்கள்.

புகை இயந்திரம் வாடகைக்கு எடுக்காதீர்கள். மாலையில் பின்கதவைத் திறந்துவிட்டால் மூடுபனி தானாக வரும். ஆனால் ஈரத்தில் நிழல் விழும் துணி தொய்யும், அடியில் ஒரு மூங்கிலைக் கட்டித் தொங்கவிடுங்கள்.