உங்கள் வீச்சுக்கு ஏற்ற பட்டர் எது?

பட்டர் என்றதும் பெருமாள் கோயில் பட்டரோ பன் பட்டர் ஜாமோ நினைவுக்கு வந்தால் தப்பில்லை. நான் சொல்வது கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையை. பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழியையும் 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானத்தில், குழிக்கு 2 வீதம் 36 ஸ்ட்ரோக் பட்டருக்கென்றே ஒதுக்கியது. அப்படியும் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் பட்டரைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் டிவியில் பார்த்த பெரிய மல்லெட்டை, அதாவது தலை பருத்த பட்டரை, வாங்கினேன். ஆறடித் தூரத்துப் பந்தெல்லாம் குழியின் வலது ஓரத்தை உரசிக்கொண்டு போயின. ஒரு வருஷம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

1. முதலில் உங்கள் வீச்சைப் பாருங்கள்

வீட்டுத் தரையில் இரண்டு டைல்ஸ் சேரும் கோடு போதும். கோட்டின் மேல் பந்தை வைத்து, யாரையாவது மேலிருந்து செல்போனில் ஸ்லோமோஷன் எடுக்கச் சொல்லிப் பத்து முறை தட்டுங்கள். பட்டரின் தலை கோட்டோடு பின்னே போய்க் கோட்டோடு முன்னே வந்தால் நேர் வீச்சு. பின்னே போகும்போது உங்கள் பக்கம் ஒதுங்கி, பந்தில் கோட்டைத் தொட்டு, மறுபடி உங்கள் பக்கமே வந்தால் வளைவு வீச்சு. வளைந்தால் வருத்தப்பட வேண்டாம். ஷாஃப்ட், அதாவது பட்டரின் தண்டு, செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. சாய்ந்த தண்டை ஆட்டினால் கொஞ்சம் வளையத்தானே செய்யும்?

2. பட்டரை விரலில் நிறுத்துங்கள்

ஷாஃப்டைப் படுக்கைவாட்டில் ஆள்காட்டி விரல் மேல் வைத்து, தலைக்குப் பக்கமாக நகர்த்தி, சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். பந்தைத் தொடும் முகம் கூரையைப் பார்த்தால் அது ஃபேஸ் பேலன்ஸ்டு. நுனி, அதாவது டோ, தரையை நோக்கித் தொங்கினால் டோ ஹேங்.

3. ஜோடி சேருங்கள்

நேர் வீச்சுக்கு ஃபேஸ் பேலன்ஸ்டு, நல்ல வளைவுக்கு நன்றாகத் தொங்குவது, லேசான வளைவுக்கு இடைப்பட்டது. டோ தொங்கும் பட்டரின் முகம் பின்னே போகையில் சுலபமாகத் திறந்து (வெளிப்பக்கம் திரும்பி), வருகையில் மூடிக்கொள்ளும். ஃபேஸ் பேலன்ஸ்டு அவ்வளவு லேசில் திரும்பாது. என் வீச்சு வளைவு, மல்லெட்டோ திரும்ப மறுத்தது. முகம் மூடுவதற்குள் பந்து வலது பக்கம் கிளம்பிவிட்டது. (நான் வலது கைக்காரன்.)

உருவத்தை நம்பாதீர்கள். கழுத்து குட்டையாகச் சாய்ந்த மல்லெட்டுகள் பல நன்றாகவே தொங்கும். தலை மெலிந்த பிளேடு வகையில், பிங் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹெய்ம் 1966-இல் கொண்டுவந்த பிங் ஆன்சர் நடுத்தரமாகத் தொங்குவது. மற்ற கம்பெனிகள் பலவும் அந்த அச்சில் வார்க்கின்றன. 'ஆன்சர்' என்ற ஆங்கிலச் சொல் முழுசாகப் பட்டரில் அடங்காததால் ஓர் எழுத்தைத் தூக்கிவிடச் சொன்னவர் அவர் மனைவி.

4. நீளம்

கடையில் 33 முதல் 35 அங்குலம் வரை கிடைக்கும். உயரமான ஆளுக்கு நீளமான பட்டர் என்று கணக்குப் போடாதீர்கள், குனியும் விதம்தான் முக்கியம். கை தளர்வாகத் தொங்க நின்று, மூக்குக்கு மேலே, கண்ணருகிலிருந்து இன்னொரு பந்தை விடுங்கள். கீழே உள்ள பந்தின் மேலோ, சற்று உங்கள் பக்கமோ விழுந்தால் சரி. அப்போது டோ தரையைவிட்டுத் தூக்கி நின்றால் முகம் இடப்பக்கம் பார்க்கும், அதையும் கவனியுங்கள்.

கிரிப் தடிமன், நிறம் எல்லாம் கைக்குப் பிடித்தால் போதும்.

5. கடையில்

ஆறடியில் ஒவ்வொரு பட்டரிலும் பத்துப் பந்து. எத்தனை விழுந்தது என்று எண்ணாமல், தவறியவை எந்தப் பக்கம் போயின என்று பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் போனால் அந்தப் பட்டரைத் திருப்பி மாட்டிவிடுங்கள்.

என் மல்லெட்டை மச்சான் எடுத்துக்கொண்டார். அவர் வீச்சு அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இப்போது ஆறடியில் என்னிடமே காசு ஜெயிக்கிறார்.